முறுக்கு ஒன்றுக்குப் போன நேரங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை.

ஆவடியில் ஒரு நாய் டாக்டரின் வாசல் பெஞ்சில், எங்கள் வீட்டுப் பூனையை வயர்கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஐம்பதை ஒட்டிய ஒரு தம்பதி. நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். அந்த அம்மாளின் கையில் செய்தித்தாளில் சுற்றிய குழிக்கரண்டி ஒன்றும், மருந்து பாட்டில் ஒன்றும் இருந்தன. பாட்டிலுக்குள் டீ நிறத்தில் ஏதோ.

"உங்கப்பாகிட்ட சொல்லு, டோக்கன் பதினொண்ணு," என்றாள் அந்த அம்மாள், நாயிடம்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு தெரியும்," என்றார் அவர், அதே நாயிடம்.

நாய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சங்கடத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. இருபது நிமிடமும், பாதி திறந்திருந்த ஒரு கதவும். மீதியை மதிய நேரங்களில், மின்விசிறி சுற்றுகிறதா வீடு சுற்றுகிறதா என்று தெரியாத அந்த அரைத்தூக்கத்தில், நானாகச் சேர்த்தேன். எழிலரசி, கோதண்டம் என்று பெயர் வைத்தது நான். முறுக்கு என்பது மட்டும் நிஜம். அதன் வாலைப் பார்த்தால் வேறு பெயர் வைக்க யாருக்கும் மனசு வராது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"எழிலரசி தன் கணவனோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது." (கோர்ட்டில் கொடுக்கும் மனு மாதிரி இருக்கிறது.)

"மூன்று கற்கள். பட்டாணி அளவு. எக்ஸ்ரேயில் அவை நிலவுகளைப் போல" (போதும். எக்ஸ்ரேயில் எதுவும் நிலவு மாதிரிதான் இருக்கும்.)

"மூத்திரம் என்று ஒரு கதையைத் தொடங்க முடியுமென்றால்"

அந்தக் கடைசி வாக்கியத்தை முடிக்கவில்லை, ஆனால் அழிக்கவும் மனமில்லை. கதைகளில் ஆட்கள் அழுகிறார்கள், வியர்க்கிறார்கள், இரத்தம் சிந்துகிறார்கள். ஒன்றுக்கு மட்டும் யாரும் போவதில்லை. இந்தக் கதையில் ஒரு நாய் போக வேண்டும். கதையே அதுதான்.*

\* எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. அச்சில் 'சிறுநீர்'. டாக்டர் வாயில் 'யூரின்'. எழிலரசிக்கு 'ஒண்ணுக்கு'. மகள் லாவண்யா கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசும்போது 'உச்சா'. ஒரே திரவம், ஆளுக்கொரு வெட்கம்.

3

சரி, சண்டை எப்படி வந்தது?

எழிலரசி துணிகளில் ஆரி வேலை செய்பவள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோப்பது. கோதண்டத்தின் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த காலத்திலேயே பழகிக்கொண்டாள். சொந்தமாக நெமிலிச்சேரியில் இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்த பிறகு ஸ்கூட்டர் வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் ஆவடியிலும் இரண்டு நாள் பூந்தமல்லியிலும் வகுப்பு எடுத்தாள். பூந்தமல்லி வகுப்பில் பதினாலு பெண்கள். "எங்க பூந்தமல்லி கூட்டம்" என்றுதான் சொல்வாள், கட்சிக்காரர்கள் மாதிரி.

ஒரு நாள் திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. இடது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கீழே வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"வித்துட்டேன்," என்றார் கோதண்டம்.

"யாரக் கேட்டு?"

அவர் ராணுவ டேங்க் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடமாக ஃபிட்டர். எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான். பூந்தமல்லி வகுப்பு நின்றது. பதினாலு பெண்களில் ஐந்து பேர் கொஞ்ச நாள் போன் செய்தார்கள்.

4

பேசாமல் ஒரு வீட்டை நடத்த முடியும். நாய் ஒன்று இருந்தால் இன்னும் சுலபமாக நடத்தலாம்.

"முறுக்கு, பால் முடிஞ்சிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"முறுக்கு, நாளைக்கு எனக்கு ஓவர்டைம்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு."

முதல் மாதம் இதில் ஒரு விளையாட்டு இருந்தது. மூன்றாம் மாதம் வழக்கமாகிவிட்டது. ஆறாம் மாதத்தில் வீட்டுக்குள் சத்தமே குறைந்து, திருவள்ளூர் போகும் ரயிலின் ஓசை கூடத்துக்குள்ளேயே தண்டவாளம் போட்டமாதிரி தெளிவாகக் கேட்டது. இரண்டு பேரும் ஒரே தண்ணீருக்கடியில் வாழ்வதுபோல மெதுவாக நடமாடினார்கள்.

இந்த அமைதியில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்தது. விடிகாலையில் எழிலரசி பால் வாங்கக் கீழே போகும்போது நாயையும் கூட்டிப் போயிருப்பாள் என்று கோதண்டம் நினைத்தார். ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவர் கூட்டிப் போயிருப்பார் என்று எழிலரசி நினைத்தாள். கேட்டால் தெரிந்திருக்கும். ஆவடி வகுப்பு இருக்கிற நாட்களில் மதிய நடையும் தவறிவிடும். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் போன நாய் மறுநாள் மாலை வரை அடக்கிக்கொண்டு கதவருகே படுத்திருக்கும். வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்ததில்லை. அடக்கவேண்டியிருக்கிறது என்று தெரிந்த பிராணி தண்ணீரையும் குறைத்துக்கொண்டது.

(இந்தப் பத்தியை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.)

எட்டாம் மாதம் ஒரு மாலை, மின்கம்பத்தடியில் முறுக்கு நாலு தடவை காலைத் தூக்கியது. நாலு தடவையும் சில சொட்டுகள்தான். கடைசிச் சொட்டு சிவப்பாக இருந்தது.

5

யூரின் சாம்பிள் வேண்டும் என்று டாக்டர் வித்யா போனில் சொன்னார். சுத்தமான கரண்டியில், நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாரைப் பிடிக்கவேண்டும், ஒருவர் கரண்டியை நீட்டவேண்டும். மறுநாள் விடியலில் ஃபிளாட்டுக்குப் பின்னாலுள்ள காலி மனையில் மூவரும் நின்றார்கள். முறுக்கு காலைத் தூக்கும், எழிலரசி குனிவாள், அது வெட்கப்பட்டுக் காலை இறக்கிவிடும். இட்லி மாவு விற்கும் கண்ணம்மா கீழ்வீட்டு வாசலிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, நாய்க்கு சாம்பார் ஊத்துறியா?"

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. எழிலரசிக்கும் வந்தது. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து முறுக்கு போனது. கரண்டியில் பாதிதான் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து நேராக வந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

6

பாதி திறந்த கதவு வழியே நான் கேட்டது இது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் டாக்டர்.

"மூணு," என்றாள் எழிலரசி.

"மூணு," என்றார் கோதண்டமும்.

"காலையில யாரு?"

என் பூனைகூட காதை நிமிர்த்தியது.

"அவரு," என்றாள் அவள்.

"அவங்க," என்றார் அவர்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்திருக்கவேண்டும். அவர் குரல் மாறியது. "மூணு கல் இருக்கு. கிருமியும் இருக்கு. அடக்கி அடக்கி வெச்சா, தண்ணி குடிக்காம இருந்தா, இது வர்றதுக்கு வசதியாயிடும். அதுதான் முழுக் காரணம்னு நான் சொல்லலை. இனிமே மூணு வேளையும் தவறாம வெளியே போகணும். சாப்பாட்டுல தண்ணி சேர்த்துக் கொடுங்க. நான் எழுதித் தர்ற உணவு மட்டும்தான். மருந்த நிறுத்தாதீங்க. எப்பப் போனான், எந்த நிறம், ரத்தம் இருந்ததா, எல்லாம் எழுதி வைங்க. கல் கரையுதான்னு பார்ப்போம். ஆனா ஒண்ணு. ஆண் நாய். கல்லு கீழே இறங்கிப் பாதையை அடைச்சிட்டா, ஒரு சொட்டும் வராது. அப்ப எனக்கு போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. தூக்கிட்டு வந்துடுங்க."

வெளியே வந்தபோது இருவர் முகத்திலும் ஒரே குற்றவாளியின் களை. நான் பார்த்தது இதுவரைதான். இதற்குமேல் என்னை நம்பித்தான் வரவேண்டும்.

7

சமையலறைக் கதவில் தொங்கிய நாள்காட்டியின் கிழித்த தாள்கள் எழுதுவதற்குக் கிடைத்தன. பின்பக்கம் வெள்ளை. ஒரு நூலில் பென்சிலைக் கட்டிவிட்டது யாரென்று தெரியவில்லை.

காலை 5.50. போனான். மஞ்சள் அதிகம். இது அவர் கையெழுத்து, எழுத்துகள் அளவெடுத்து வெட்டியதுபோல இருக்கும்.

மதியம் 1.10. மூன்று இடத்தில் போனான். சிவப்பு இல்லை. இது அவள்.

மாலை 6.05. நன்றாகப் போனான். இளநீர் மாதிரி.

அந்தக் கடைசி வரியை எழிலரசி இரண்டு தடவை படித்தாள். இருபத்தாறு வருடத்தில் கோதண்டம் எதையும் வேறொன்றைப்போல என்று சொன்னதில்லை. சேலை நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் 'பச்சை' என்பார்.

வாரங்கள் போகப் போகத் தாள்களில் வேறு விஷயங்களும் ஒட்டிக்கொண்டன.

காலை 5.45. போனான். வெளிர் மஞ்சள். மழை வரும். குடை கதவுக்குப் பின்னால்.

மதியம் 1.00. போனான். மோர்க்குழம்பு மூடி வைத்திருக்கிறது.

மாலை 6.20. போனான். மரமல்லிப் பூ விழுந்து மனையெல்லாம் வெள்ளை. அதன் மேல் போக அவனுக்கு மனசில்லை, தள்ளிப் போனான்.

நேருக்குநேர் இன்னும் ஒரு சொல் இல்லை.

8

ஒரு மதியம் எழிலரசி கனவு கண்டாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலை முழுக்கத் தெளிந்த நீர். பேருந்துகள் சத்தமில்லாமல் வாத்துகள்போல மிதந்தன. அவள் ஸ்கூட்டரில் நீரின் மேலேயே போகிறாள், சக்கரம் நனையவில்லை. வழியில் முறுக்கு நின்று சாலையைக் குடித்துக்கொண்டிருக்கிறது. குடிக்கக் குடிக்க நீர் வற்றி, அடியில் பதினாலு பெண்கள் தறிச்சட்டத்தோடு வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கோடியில் கோதண்டம் ஏதோ சொல்கிறார். வாயிலிருந்து குமிழ்கள்தான் வருகின்றன, ஒவ்வொன்றும் மணியாகக் கோத்துவிடும் அளவு.

(உண்மையில் அது நான் கண்ட கனவு. பூந்தமல்லிப் பெண்களை மட்டும் பிறகு சேர்த்தேன். தறிச்சட்டம் என்பதும் தவறு, ஆரிச்சட்டம். கனவில் தறியாகத்தான் இருந்தது, விட்டுவிடுகிறேன்.)

விழித்தபோது மணி ஒன்று இருபது. முறுக்கு எழுந்து வந்து அவள் உள்ளங்கையை நக்கியது.

9

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை. காலைத் தாளில் இப்படி இருந்தது: 5.50. சொட்டு மட்டும். 6.15 மறுபடி கூட்டிப் போனேன். வரவில்லை. கவனிக்கவும்.

பத்து மணிக்கு எழிலரசி கீழே கூட்டிப் போனாள். முறுக்கு காலைத் தூக்கி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை. முதுகு வில்லாக வளைந்திருந்தது. வயிற்றில் கை வைத்தாள், தேங்காய் மாதிரி இருந்தது. முதன்முறையாக அது அவளைப் பார்த்து உறுமியது, பிறகு உறுமியதற்காக வாலை ஆட்டியது.

தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அவள் செக்‌ஷன் போனுக்கு அடித்தாள். கிளார்க் ஜெகதீஷ் எடுத்தார்.

"கோதண்டத்துகிட்ட சொல்லுங்க. முறுக்குக்கு அடைச்சிடுச்சு."

"என்னம்மா, முறுக்கு அடைச்சிடுச்சா? தொண்டையிலயா? முதுகுல தட்டுங்கம்மா!"

"நாய் சார். எங்க நாய் பேரு முறுக்கு. அதுக்கு ஒண்ணுக்கு அடைச்சிடுச்சு. நான் தூக்கிட்டுப் போறேன்னு அவருகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டாள். எப்படித் தூக்கிக்கொண்டு போவது? கூப்பிட்ட இரண்டு ஆட்டோக்களும் நாய் என்றதும் வரமறுத்தன. கண்ணம்மா வாசலில் மாவு வண்டி நின்றது. பழைய ஸ்கூட்டர்.

(இந்த இடத்தில் கண்ணம்மாவோடு எனக்குத் தகராறு. அவள் மாதிரி ஒரு பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியாதென்றால் யார் நம்புவார்கள்? ஆவடி மார்க்கெட்டில் ட்ராக்டர்கூட ஓட்டுவாள். ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தால் எழிலரசி பின்னால்தான் உட்காருவாள். அதனால் கண்ணம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவளுக்கு ஓட்டத் தெரியாமல் ஆக்குகிறேன். வண்டி அவள் வீட்டுக்காரர் துலுக்கானத்துடையது. அவர் ஊரில் இல்லை.)

"வண்டி சும்மாதான் நின்னுகினு கீது. எனக்கு ஓட்ட வராதுக்கா. உனுக்குக் கையி சரியாயிடுச்சா?"

"தெரியல."

"தெரியலன்னா எப்டி? ஓட்டுவியா மாட்டியா?"

எழிலரசி சாவியை வாங்கினாள்.

கண்ணம்மா துண்டில் சுற்றிய முறுக்கை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். திருவள்ளூர் சாலையில் பதினொரு மணி வெயில். எழிலரசியின் கண்ணுக்கு மணலைத் தவிர வேறொன்றும் படவில்லை. சாலையோரம், திருப்பத்தில், லாரிச் சக்கரத்துக்கு அடியில், எங்கும் மணல். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டுக்குள் அந்தத் தகடு குளிர்ந்தது.

"யக்கா, மெர்சலாவாத. மூச்சு வுட்டுகினுதான் கீறான். நீ நேரா பாத்து ஓட்டு."

"பேசிட்டே இரு கண்ணம்மா. நிறுத்தாத."

கண்ணம்மா பேசிக்கொண்டே வந்தாள். அரிசி விலை, உளுந்து, துலுக்கானத்தின் தங்கை மாமியார். எழிலரசிக்கு ஒரு வார்த்தையும் மனதில் பதியவில்லை. ஆனால் அந்தக் குரல் ஒரு கயிறுபோல முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமும் சில வாரங்களும் இப்படி ஒரு குரல் வீட்டில் இல்லாமல் எப்படி நடமாடினோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

10

டாக்டர் வித்யா ட்யூப் போட்டு, அடைத்த கல்லை மெல்லச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே திருப்பித் தள்ளினார். டீ நிறத்தில் ஒரு பாத்திரம் நிறைந்தது. "இன்னும் சாயங்காலம் வரை விட்டிருந்தா கிட்னிக்குப் போயிருக்கும். இப்பவே ஆபரேஷன் பண்ணிடுவோம்," என்றார். எழிலரசி கையெழுத்துப் போட்டாள்.

கோதண்டம் கேட் பாஸ் வாங்கி, பஸ் பிடித்து, நிறுத்தத்திலிருந்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் மாவு வண்டியைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல. உள்ளே வந்தார். முறுக்கு மயக்கத்தில் நாக்கு வெளியே தொங்க, ஒரு ரப்பர் விரிப்பில் கிடந்தது. அந்தப் பக்கம் எழிலரசி. இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். கண்ணம்மா டீ வாங்கப் போயிருந்தாள்.

அவர் பேசினார், நாயிடம்.

"அன்னிக்கு யாரோ போன் பண்ணி வரச் சொன்னாங்கடா. நான் போறதுக்குள்ள உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ரோட்டுல வண்டி கிடந்துது. பக்கத்துல ஒத்தச் செருப்பு. ஆளு இல்ல. என்ன ஆச்சுன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. பத்து நிமிஷம் அந்தச் செருப்பப் பாத்துட்டே நின்னேன். அப்புறம் அந்த வண்டிய என்னால வீட்டு வாசல்ல பாக்க முடியலடா. அவ்ளோதான்."

மயக்கத்திலிருக்கும் நாயிடம் சொன்னது யாரிடம் சொன்னதாகக் கணக்கு? கோதண்டத்துக்கு அது தெரியாமலில்லை.

எழிலரசி முறுக்கின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு," என்றாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானே வித்துடச் சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. சொல்லியிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா போட்டு முடிச்சிருப்பேன்."

முறுக்கின் பின்னங்கால் ஒன்று தூக்கத்தில் உதறியது.

11

இங்கே மூன்று முடிவுகள் வந்து வரிசையில் நின்றன.

ஒன்றில் கோதண்டம் விற்ற ஸ்கூட்டரைத் தேடிக் கண்டுபிடித்து, மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறார். எழுதியும் பார்த்தேன். "கதவைத் திறந்த எழிலரசியின் கண்களில்" என்பதோடு என் கை கூசி நின்றுவிட்டது.

இன்னொன்றில் முறுக்கு மயக்கம் தெளியவில்லை. அது எழுதச் சுலபம். மாட்டேன். தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அந்த நாய்தான்.

மூன்றாவதில் எழிலரசி பூந்தமல்லிக்கே தனியாகப் போய்விடுகிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நான் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. தையல் பிரிக்கும்வரை எங்கேயும் வரமாட்டேன் என்றாள்.

நடந்தது இது.

12

பதினைந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். உணவும் தண்ணீரும் இனி எப்போதும் கவனமாக இருக்கவேண்டும், இந்தக் கல் திரும்ப வரக்கூடியது, சில மாதத்துக்கொரு முறை பரிசோதனை வேண்டும் என்றார் டாக்டர். "போறப்ப விட்டு விட்டு வருதா, ஒரே சீரா வருதான்னு பாருங்க. எண்ணிப் பாருங்க."

மறுநாள் விடியல். காலி மனையில் பனி முழங்காலளவு நின்றது. ரயில் ஒன்று வெளிச்சங்களை மட்டும் காட்டிவிட்டு நிலையத்துக்குள் போயிற்று. வாரைக் கோதண்டம் பிடித்திருந்தார். எழிலரசி வரவேண்டிய வேலை இல்லை, இருந்தும் வந்திருந்தாள். முறுக்கு மின்கம்பத்தை முகர்ந்து வேண்டாமென்றது. எருக்கஞ்செடியையும் வேண்டாமென்றது. 'மனை விற்பனைக்கு' என்ற பலகையின் காலைத் தேர்ந்தெடுத்து, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, காலைத் தூக்கியது.

எழிலரசி மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். நாலில் தன் குரல் தனக்கே கேட்டது. ஐந்தில் இன்னொரு குரலும் கேட்டது. அவர் எண்ணிக்கை அவளைவிட வேகம். அவர் ஆறு சொல்லும்போது அவள் ஐந்தில் இருந்தாள். அவர் ஒரு கணம் நிறுத்தி, அவள் வரும்வரை காத்தார்.

ஏழு, என்றார்கள் இருவரும்.

எட்டு. ஒன்பது. நீரோட்டம் அறுபடவில்லை. பனிக்குள் அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. பத்து. பதினொன்று. கண்ணம்மா வாசல் தெளிக்க வந்தவள், வாளியை இறக்காமல் நின்றுவிட்டாள். பதினைந்து. பதினாறு. முறுக்கு கண்ணை மூடிக்கொண்டது. இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

முறுக்கு காலை இறக்கி, உடம்பை உதறி, பின்னங்கால்களால் மண்ணைக் கீறிவிட்டது.

இதற்குப் பிறகு ஒருவர் வாய் திறந்தார். யார் என்று எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். அவர் வாயில் வைத்தால், கேட்காமல் செய்தவரே கேட்காமல் முடித்தும் வைக்கிறாரோ என்று தோன்றுகிறது. அவள் வாயில் வைத்தால், எப்போதும் இவள்தானா என்று தோன்றுகிறது. ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை சேர்ந்து சொன்னதே பேச்சாகாதா என்றும் யோசித்தேன். ஆகும் என்று சிலர் சொல்வீர்கள். எனக்குத் துணிச்சல் இல்லை.

அவர்களை இப்போது நீங்களும் என்னளவு அறிவீர்கள். முதல் சொல்லை யாருக்குக் கொடுக்கலாம், அது என்ன சொல் என்று நீங்களே பாருங்கள். மனையில்தான் நிற்கிறார்கள். முறுக்கு பசியில் வீட்டுப் பக்கம் இழுக்கிறது. ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள், கோதண்டத்துக்கு ஏழு மணிக்கு ஷிப்ட்.